பூநகரிச் சுவரும் பிரெஸ்பிற்றேரியன் கோயிலும்

வாசகர் ஒருவர், 4 பெப்ரவரி 2024

ஐயா, பூநகரியில் நிற்கிற பழைய முருகைக்கல் (பவளக்கல்) சுவர் கோட்டை இல்லை, அது பிரெஸ்பிற்றேரியன் கோயில் என்று எங்கட அம்மப்பா சொல்லுவார். ஸ்கொட்லாந்துப் பாதிரி ஒருவர் இருந்து நடத்தினவராம். வன்னியில் அப்படி ஒரு கோயில் இருந்ததா? இருந்தால் கட்டடம் எங்கே போனது?

4 பெப்ரவரி, இரவு

கோட்டைதான், தம்பி. அம்மப்பாவோடு எனக்கு வழக்கில்லை. சுவரைப் பார்த்தால் தெரியும். பக்கத்துக்கு முப்பது மீற்றர் அளவில் ஒரு சதுரம், எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளம். கோயிலுக்கு யாரும் கொத்தளம் வைப்பதில்லை. போர்த்துக்கேயர் தொடங்கினார்கள், ஒல்லாந்தர் பெருப்பித்தார்கள், ஆங்கிலேயர் 1805இல் வாடிவீடு ஆக்கினார்கள். அம்மப்பாவின் கதையில் வரும் வெள்ளைக்காரர் வாடிவீட்டில் படுத்தெழும்பினவராக இருக்கலாம்.

கேள்வியின் மற்றப் பாதிக்குப் பதில் நீளம். நாளைக்கோ மறுநாளோ எழுதுகிறேன்.

6 பெப்ரவரி

ஸ்கொட்லாந்துக்காரரின் கோயில் என்று தேடினால் வன்னியில் ஒன்றும் அகப்படாது. அவர்கள் கொழும்பில் கட்டினார்கள், கண்டியில் கட்டினார்கள். கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் இருந்த பக்கம் துரைமார் போனார்கள், துரைமார் போன பக்கம் கோயில் போனது. வன்னியில் அவர்களுக்கு என்ன வேலை? காடு, யானை, மலேரியா.

ஆனால் பிரெஸ்பிற்றேரியன் என்பது ஸ்கொட்லாந்தின் தனிச்சொத்து இல்லை. ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபையும் அதே ஒழுங்குதான். ஆயர் கிடையாது. போதகர், மூப்பர், உதவிக்காரர் சேர்ந்த சபைதான் கோயிலை நடத்தும், பலிபீடம் இல்லை, சுரூபம் இல்லை, நடுவில் பிரசங்க மேடை. அந்தத் திருச்சபை இலங்கையில் தன் வயதை 1642இலிருந்து எண்ணுகிறது. 1658 பெப்ரவரியில் மன்னாரும் ஜூனில் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கையில் விழுந்ததும் இந்த ஒழுங்கு எங்கள் பக்கமும் வந்துவிட்டது. ஆகவே கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டால் விடை உண்டு: வன்னிக் கரையில் பிரெஸ்பிற்றேரியன் ஒழுங்கில் கோயில் இருந்தது, ஏறக்குறைய நூற்றிமுப்பத்தேழு வருடம்.

ஒரு திருத்தமும் சேர்க்கவேண்டும். மூப்பர் சபை நடத்தியது என்று சொன்னேனே, அது ஒல்லாந்து தேசத்தில். இங்கே போதகருக்குச் சம்பளம் கொடுத்தது கொம்பனி, அதாவது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி. மூப்பர் சபைக் கூட்டத்தில் கொம்பனியின் ஆள் ஒருவர் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். சம்பளம் போடுகிறவன் பக்கத்தில் இருக்கும்போது சபை என்ன முடிவெடுக்கும் என்று அரசாங்கக் கந்தோரில் வேலை செய்த எவருக்கும் விளங்கும்.

அவர்கள் புதிதாகக் கட்டியது குறைவு. போர்த்துக்கேயக் கத்தோலிக்கக் கோயில்களை எடுத்து, சுரூபங்களையும் பீடத்தையும் வெளியில் போட்டு, சுவரை வெள்ளையடித்து, வாங்கு போட்டு இருந்துகொண்டார்கள். 1658இல் யாழ்ப்பாணம் வந்த பிலிப்பஸ் பால்டேயுஸ் என்ற போதகர் ஊர் ஊராகப் போய் இந்தக் கோயில்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவருடைய நூல் 1672இல் அம்ஸ்டர்டாமில் அச்சானது. அதில் கோயில் படங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி: நீளமான மண்டபம், பக்கத்தில் பாதிரியார் வீடு, முன்னால் வளவு. அதே மண்டபம் வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிறு கோயில்.

7 பெப்ரவரி

"மன்னார் வன்னிக்குள் வருமா?" என்று ஒருவர். தேர்தல் திணைக்களத்தைக் கேட்டால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் வன்னித் தேர்தல் மாவட்டம். வன்னியின் நடுவில் இருக்கிற கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். இதற்குமேல் என்னிடம் எல்லைக்கோடு கேட்காதீர்கள். மன்னார்த் தீவை விட்டாலும் மாந்தை, நானாட்டான், அரிப்பு எல்லாம் பெருநிலப்பரப்பு. நான் அதை வன்னி என்றுதான் எழுதுவேன்.

10 பெப்ரவரி

மன்னார்க் கோட்டையைப் பற்றி எழுதச் சொன்னார்கள்.

பாலம் கடந்து மன்னார்த் தீவில் கால் வைத்தவுடன் கோட்டை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டினது. ஒல்லாந்தர் 1658இல் பிடித்து, 1696இல் திருத்திக் கட்டினார்கள். 1795 ஒக்டோபரில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நான்கு மூலையிலும் கொத்தளம், சுற்றி அகழி. உள்ளே தேவாலயத்தின் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் மன்னார்ப் பக்கம் வேலைக்குப் போகும்போதெல்லாம் அங்கே ஒரு நடை போவேன். ஓய்வுபெற்ற பிறகும் போனேன். வெயில் ஏற ஏற மன்னார்க் கழுதைகள் அந்தச் சுவர் நிழலில் வந்து ஒதுங்கும். சபையார் வந்திருக்கிறார்கள் என்று என்னோடு வந்த மேசன் சொல்லுவான்.

பூச்சு விழுந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். முருகைக்கல்லின் துவாரங்கள் அப்படியே தெரியும், நட்சத்திரம் நட்சத்திரமாக. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாந்து விரற்கடை அளவு. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்புக்குள் சிப்பித் துண்டுகள் அரைகுறையாக வெந்து கிடக்கும். சூளையில் கடைசியாகப் போட்டது சரியாக வேகவில்லை, அதையும் சேர்த்துக் குழைத்திருக்கிறார்கள். எந்தக் காலத்திலும் மேற்பார்வை இல்லாத வேலை இப்படித்தான் போகும்.

அந்தச் சுவருக்குள் ஞாயிறில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 1760க்கு ஒரு கணக்கு இருக்கிறது. மன்னாரில் பதிவிலுள்ள கிறிஸ்தவர் 9,820 பேர். அவர்களில் திருவிருந்தில் (அப்பமும் இரசமும் பகிரும் சடங்கில்) பங்கெடுக்கும் சபையார் 5 பேர்.

பிழையாக அடிக்கவில்லை. ஐந்து.

11 பெப்ரவரி

ஐந்து என்றதும் ஆளுக்காள் கேட்கிறீர்கள். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பதிவு 1,82,226, திருவிருந்தில் 64. ஆகவே மன்னார்க்காரர் தனியாகக் கெட்டுப்போகவில்லை.

விஷயம் இதுதான். ஞானஸ்நானம் எல்லாருக்கும் கிடைத்தது, கிட்டத்தட்டக் கட்டாயம். கலியாணம் கோயில் பதிவில் ஏறினால்தான் கொம்பனிக்குக் கலியாணம். பதிவு இல்லாவிட்டால் பிள்ளைக்குச் சொத்துரிமையில் இடைஞ்சல் வரும். முதலியார் வேலை, விதானை வேலை வேண்டுமென்றால் பெயர் தோம்பில், அதாவது பதிவேட்டில், இருக்கவேண்டும். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தகப்பனுக்குத் தண்டப்பணம். ஆகவே 9,820.

திருவிருந்து அப்படி இல்லை. அதற்குப் போதகரும் மூப்பரும் ஆளை உட்காரவைத்து வேதவினா கேட்பார்கள், நடத்தை விசாரிப்பார்கள், திருப்தி என்றால்தான் மேசைக்கு விடுவார்கள். அங்கேதான் பிரெஸ்பிற்றேரியன் ஒழுங்கு உண்மையாக வேலை செய்தது. அதைத் தாண்டி உள்ளே போக வேண்டிய தேவை சனத்துக்கு இருக்கவில்லை. போய் என்ன கிடைக்கும்? காணி உறுதிக்கு ஞானஸ்நானமே போதும்.

என் அப்பு அரசாங்கப் படிவத்தில் சமயம் என்ற இடத்தில், எழுதுவினைஞருக்கு எது வசதியோ அதைச் சொல்லிவிட்டு வந்தவர். அந்த 9,820 பேரை நினைத்தால் எனக்கு அப்புவின் முகம்தான் வருகிறது.

15 பெப்ரவரி

மடு மாதா கோயிலைப் பற்றி எழுதாமல் தப்ப முடியாது என்று தெரியும். மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

1658இலேயே ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாருக்கு இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். கோயில்கள் கைமாறின. மரபு சொல்வது: 1670 அளவில் மாந்தையிலிருந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய், மருதமடுவில் இருந்தார்கள். காடு அப்போது வன்னியர் என்ற குறுநிலத் தலைவர்களின் பக்கம், கொம்பனியின் கை எட்டாது. 1687இல் யோசவ் வாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கிய பிறகு ஒளித்து ஒளித்துப் பூசை நடந்தது. அந்த யோசவ் வாஸைத்தான் 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக்கி, அதே நாள் பின்னேரம் மடுவுக்கு வந்தார்.

கட்டடக்காரன் கண்ணால் பார்த்தால் இதில் ஒரு விசித்திரம். நல்ல முருகைக்கல் சுவரும் மண்டபமும் அரசாங்கமும் ஒரு பக்கம். மற்றப் பக்கம் காட்டுக்குள் கிடுகுக் கொட்டில். இன்றைக்கு ஆவணித் திருவிழாவுக்கு எந்தப் பக்கம் சனம் லட்சக்கணக்கில் போகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

இதை வைத்து ஒருவர் "சத்தியம் வென்றது" என்று எழுதியிருந்தார். நான் அப்படி எழுதமாட்டேன். போர்த்துக்கேயர் எங்கள் கோயில்களை இடித்தபோது யாருடைய சத்தியம் எங்கே நின்றது? மன்னார்க் கோட்டையில் திருக்கேதீச்சரத்துக் கற்கள் இருக்கின்றன என்று சைவக்காரர் சொல்லிவருவதும் சும்மா வந்த கதை இல்லை. ஒரே கல் மூன்று சமயம் கண்டிருக்கிறது. நான் கல்லின் பக்கம்.

15 பெப்ரவரி, இரவு

கல்லின் பக்கம் என்றதுக்குக் கோபிக்க வேண்டாம். நித்திரை வராமல் எழுதினது. நிற்கட்டும், அழிக்கவில்லை.

19 பெப்ரவரி

வன்னியர் யாரும் ஒல்லாந்தரின் வேதத்துக்கு மாறினார்களா என்ற கேள்விக்கு.

பெயரளவில் பார்த்தால் ஆம் என்று தோன்றும். 1697இல் ஹென்ட்ரிக் ஸ்வார்டெகுரூன் என்ற ஒல்லாந்து அதிகாரி எழுதிவைத்த யாழ்ப்பாண நிர்வாகக் குறிப்பில் வன்னியர் இருவர் பெயர் வருகிறது: டொன் பிலிப் நல்லமாப்பாணர், டொன் காஸ்பர் இலங்கைநாராயண மாப்பாணர். டொன் என்பது போர்த்துக்கேயர் கொடுத்த மரியாதை, ஒல்லாந்தர் அதைத் தொடர்ந்தார்கள். அந்தக் குறிப்பில் இவர்களுடைய ஆத்துமாவைப் பற்றிய கவலை பெரிதாக இல்லை. கவலையெல்லாம் யானை. திறையாகத் தரவேண்டிய யானைகள் நிலுவை. வருடா வருடம் நிலுவை ஏறுகிறது, வன்னியர் சாட்டுச் சொல்கிறார்கள், கொம்பனி கடிதம் எழுதுகிறது.

ஞானஸ்நானப் பெயரை வைத்துக்கொண்டு, யானையைக் கொடுக்காமல், அடங்காப்பற்று என்று பெயரெடுத்த வன்னியில் இருந்துவிட்டார்கள். கொம்பனி 1782இல் படை அனுப்பித்தான் வன்னியை நேராகப் பிடிக்க முடிந்தது. அதற்குப் பிறகு நாகெல் என்ற அதிகாரி வன்னியை ஆண்டார். பிடிபட்டுக் கொழும்புக் கோட்டையில் சிறையிருந்த வன்னிச்சி (பெண் தலைவி) ஒருவரின் பெயர் மரியா செம்பத்தை என்று குறிப்புகளில் வருகிறது. மரியா என்ற பெயர் சிறைக் கதவைத் திறக்கவில்லை.

1803 ஓகஸ்டில் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததும் ஒக்டோபரில் கற்சிலைமடுவில் தோற்றதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அங்கே அடிபட்ட கோட்டை ஒல்லாந்தர் கட்டினது. வன்னிக் கிழக்குக் கரையில் அவர்களுக்குக் கோட்டைதான் முக்கியம், கோயில் பிறகு.

24 பெப்ரவரி

வேறு ஒரு இடத்திலிருந்து கேட்கிறார்கள்: "எங்கட பழைய கோயில் சுவரில் பூச்சு விழுகிறது, சீமெந்து பூசலாமா?"

பூசாதீர்கள். தயவுசெய்து.

போர் முடிந்து சனம் திரும்பிய பிறகு கரையோர ஊர் ஒன்றில் பழைய கோயிலைத் திருத்தினார்கள். ஊரின் பெயரும் வேண்டாம், காசு கொடுத்தவர்கள் பெயரும் வேண்டாம். நல்ல மனதோடுதான் செய்தார்கள். அரையடி ஆழத்துக்கு ஷெல் துண்டு குத்தின இடங்களை அடைத்து, முழுச் சுவருக்கும் சீமெந்துப் பூச்சு, மேலே பளபளவென்று வெள்ளைப் பெயின்ற். திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. மாலை போட்ட இடத்தில் என்ன சொல்ல? இரண்டு மாரி போனது. சுவரின் கீழ் மூன்றடி வெடித்து, பாளம் பாளமாகக் கழன்று, உள்ளே கல் மாவாகக் கொட்டியது.

காரணம் எளிது. முருகைக்கல் கடலில் பிறந்தது, உடம்பெல்லாம் துவாரமும் உப்பும். அத்திவாரத்திலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சீமெந்து விடாது. ஈரம் பூச்சுக்குப் பின்னால் நின்று காயும்போது உப்புப் பளிங்காகி, கல்லையும் பூச்சையும் சேர்த்துத் தள்ளும். அதனால்தான் முந்தின மேசன்மார் முருகைக்கல்லைக் கொண்டுவந்து ஒரு மாரியாவது மழையில் நனையப் போட்டுவிட்டுத்தான் கட்டுவார்கள், உப்புக் கழுவிப் போகட்டும் என்று.

செய்யவேண்டியது: நீற்றின சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் புளிக்கப் போடுங்கள், எவ்வளவு கூட நாள் கிடக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மண். கடற்கரை மண் வேண்டாம், ஆற்று மண். பூசுமுன் சுவரை நன்றாக நனைக்க வேண்டும். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தரம். ஒரேயடியாக மொத்தமாக அப்பினால் வெடிக்கும். பிறகு ஈரச் சாக்குப் போட்டு மெதுவாகக் காயவிடுங்கள். அவசரக்காரருக்குச் சுண்ணாம்பு சரிவராது.

24 பெப்ரவரி, பிறகு

முட்டை வெள்ளைக்கரு கேட்பீர்கள் என்று தெரியும். கேட்டுவிட்டீர்கள். இலங்கையில் எந்தப் பழைய சுவரைக் காட்டினாலும் முட்டை போட்டுக் கட்டினது என்று ஒருவர் சொல்லுவார். மன்னார்க் கோட்டை முழுக்க முட்டை போட்டிருந்தால் மன்னாரில் ஒரு கோழிக்குஞ்சு மிஞ்சியிராது. பனங்கட்டித் தண்ணீர் சேர்ப்பதை நானே பார்த்திருக்கிறேன், அதற்குப் பலனும் உண்டு, சாந்து மெதுவாக இறுகும், ஒட்டும். கடுக்காய்த் தண்ணீரும் அப்படி. முட்டை சாப்பிடுங்கள்.

அரிப்பில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டின டொரிக் மாளிகைக்குச் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு. முத்துக்குளிப்புக் கரையில் சிப்பிக்கா பஞ்சம்? கடல் அரித்து அரித்து இப்போது கொஞ்சம்தான் நிற்கிறது. கடல் அரித்தது ஒழிய, பூச்சில் குற்றமில்லை.

2 மார்ச்

"பழைய கோயில்களின் கூரையெல்லாம் எங்கே போனது, யார் கழற்றினது?" இந்தக் கேள்வியை வெளிநாட்டிலிருந்து கேட்கிற பிள்ளைகளுக்கு.

கூரைதான் எப்போதும் முதலில் போகும். மரத்துக்கும் ஓட்டுக்கும் விலை உண்டு, சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒல்லாந்தர் போன பிறகு அவர்கள் கோயில்களுக்கும் அதுதான் நடந்தது. வாங்கு, கதவு, வளை, சிலாகை. முதிரையும் பாலையும் என்றால் யார் விடுவார்?

2008இல் போரில் இடம்பெயர்ந்தபோது நாங்களும் அதைத்தான் செய்தோம். மன்னார்ப் பெருநிலப்பரப்பிலிருந்து முழங்காவில், அங்கேயிருந்து அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம் என்று போகப் போக ஒவ்வொரு இடத்திலும் கழற்றிய கூரையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். தகரம், ஓடு, வளை, கதவுநிலை கூட. போகிற இடத்தில் நட்டு, மேலே போட்டு, ஷெல் கிட்ட வந்ததும் திரும்பக் கழற்றி. கடைசியில் தகரமும் இல்லை, பெட்டியும் இல்லை. சேலையில் தைத்த மண்மூட்டையும் பனங்குற்றியும்தான் கூரை. கோயில்காரரும் அப்படியே. மடு மாதாவின் சுரூபமே அந்த ஏப்ரலில் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அதே ஆண்டில்தான் திரும்பிப் போனது.

எங்கள் ஊரில் ஒரு சின்னச் சபைக் கோயில். ஓட்டைக் கழற்றுவதா விடுவதா என்று மூப்பர்கள் மாமரத்தடியில் இருந்து கதைத்தார்கள். ஒருவர், கடவுளின் வீட்டுக் கூரையை நாங்கள் கழற்றக்கூடாது என்றார். இன்னொருவர், நாங்கள் கழற்றாவிட்டால் வேறு ஆள் கழற்றும் என்றார். மூன்றாமவர் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். கூட்டம் முடிந்தது. ஓடுகளை வைக்கோல் வைத்து அடுக்கினோம், உடையாமல். விசுவமடு வரைக்கும் பாதி உடையாமல்தான் வந்தது.

3 மார்ச்

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த பெரிய கோயிலை விட்டுவிட்டேன் என்று முறைப்பாடு. இடம் வன்னி என்பதால்தான் விட்டேன். 1706இல் கட்டினது, நான்கு கையும் சமமான சிலுவை வடிவம். நடுவில் நின்று பிரசங்கித்தால் நாலா பக்கமும் கேட்கும், பலிபீடம் பார்க்க வேண்டிய தேவை இல்லாத சபைக்கு அது பொருத்தமான வடிவம். மணி மட்டும் 1648ஆம் ஆண்டுப் போர்த்துக்கேய மணி. கோயிலை மாற்றினார்கள், மணியை வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம், 1707இல், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை எழுத்தில் போட்டார்கள். 1990இல் கோட்டை முற்றுகையில் கோயில் போனது. கல்லுக் குவியலாகக் கிடக்கிறது. சிறுவயதில் அப்பாவோடு போய் நின்று கத்திப் பார்த்திருக்கிறேன், நல்ல எதிரொலி. காவலாளி துரத்தினார்.

9 மார்ச்

அந்தச் சபை பிறகு என்ன ஆனது என்று கேட்டவருக்கு.

1795இல் ஆங்கிலேயர் வந்ததும் தண்டப்பணம் நின்றது. பதவிக்கு ஞானஸ்நானம் வேண்டியதில்லை என்றானது. 1806இல் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். அதே 1806இல் யாழ்ப்பாணம் வந்த கிளோடியஸ் புக்கானன் என்ற பாதிரியார், சீர்திருத்தக் கோயில்கள் ஆளில்லாமல் கிடப்பதையும், தஞ்சாவூரிலிருந்து வந்த கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழ் உபதேசியார் தனியாக ஓடித்திரிவதையும் கண்டு எழுதினார். தோம்பில் இருந்த லட்சக்கணக்கான பேர் எங்கே? தங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டார்கள், அல்லது பூசைக்குப் போனார்கள். தோம்பு மட்டும் கந்தோரில் இருந்தது.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்த ஒல்லாந்தர் கோயில்களைப் பொறுப்பெடுத்துத் திருத்தினார்கள். அந்த மிஷன் கொங்கிரகேஷனல்காரரும் பிரெஸ்பிற்றேரியன்காரரும் சேர்ந்தது. ஆகவே அதே சுவருக்குள் அந்த ஒழுங்கு இன்னொரு கதவால் திரும்ப வந்தது என்று சொல்லலாம். 1820இல் ஆங்கில அரசாங்கம் புதிதாக அமெரிக்கர் வர இடமில்லை என்று மறித்தது, மிஷனின் அச்சகத்துக்கு வந்த அச்சுக்காரரையே திருப்பி அனுப்பினார்கள். இருந்தவர்கள் குடாநாட்டிலேயே கட்டுண்டார்கள். பிரெஸ்பிற்றேரியன்காரரும் கொங்கிரகேஷனல்காரரும் 1908இல் ஒரே சபையாகி, 1947 செப்ரெம்பரில் அங்கிலிக்கன், மெதடிஸ்தரோடு சேர்ந்து தென்னிந்திய திருச்சபை ஆனார்கள். அதன் யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயம் அதே வட்டுக்கோட்டையில்.

வன்னிக்கு அது வந்தது குளத்தோடு. இரணைமடுக் குளம் கட்டி, காணி கொடுத்து, குடாநாட்டுச் சனம் கிளிநொச்சிப் பக்கம் குடியேறினபோது தங்கள் சபையையும் கொண்டுவந்தார்கள். முருகைக்கல் இல்லை, செங்கல்லும் சீமெந்தும். ஆகவே, தம்பி, பிரெஸ்பிற்றேரியன் வழி வந்த கோயில் வன்னியில் எங்கே என்றால் கிளிநொச்சியில் ஞாயிறு காலை பாட்டுச் சத்தம் கேட்கிற பக்கம் போங்கள். தென்னிந்திய திருச்சபை என்ற பெயரைப் பார்த்து, இந்தியாவிலிருந்து வந்தவர்களா என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்கிறார்கள்.

17 மார்ச்

தோம்பில் மட்டும் இருந்த சமயம் என்கிற மாதிரி இரண்டு மூன்று இடத்தில் இளக்காரமாக எழுதிவிட்டேன் என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியிருக்கிறா. அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவ சொல்வது: ஒவ்வொரு கோயிலிலும் ஒரு பள்ளி, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சட்டம்பியார் (ஆசிரியர்), அந்தச் சட்டம்பியார் தமிழர். பிள்ளைகள் மண்ணில் எழுதிப் பழகினார்கள், வேதவினா பாடமாக்கினார்கள். வருடத்துக்கொரு தரம் போதகரும் அதிகாரிகளும் வந்து சோதித்தார்கள். 1690இல் நல்லூரில் ஒரு செமினரியே நடந்தது. கொழும்பில் பிறந்த தமிழரான பிலிப் த மெல்லோ போதகராகி, 1759இல் கொழும்பில் அச்சான புதிய ஏற்பாட்டைத் தமிழில் கொடுத்தார். "அமெரிக்கர் வந்துதான் படிப்பு வந்தது என்று சொல்கிறவர்கள் அந்த மண் எழுத்தை மறந்துவிடுகிறார்கள்" என்று முடிக்கிறா.

ஆசிரியை சொல்வதில் பாதி எனக்குச் சரியாகப் படுகிறது. கட்டாயப்படுத்திச் சொல்லிக்கொடுத்த எழுத்தும் எழுத்துத்தான். ஆனால் தண்டப்பணத்துக்குப் பயந்து பிள்ளையைக் கொண்டுபோய் விட்ட தகப்பனுக்கு அன்றைக்கு வயலில் ஒரு கை குறைந்தது. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும், ரீச்சர். உங்களோடு முழுக்க ஒத்துப்போக இன்னும் மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். அரசர் பெயரும் வன்னியர் பெயரும் எல்லா இடத்திலும் இருக்கும். மாந்தைப் பக்கத்தில் ஒரு சாதாரண ஆள் 1700களில் யாரைக் கலியாணம் கட்டினார், பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார் என்று வேறு எங்கே எழுதியிருக்கிறது? சட்டம்பியார் எழுதாவிட்டால் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

24 மார்ச்

அந்தப் பதிவுகளைப் பார்க்க முடியுமா என்று முதலில் கேள்வி போட்ட தம்பியே திரும்பக் கேட்கிறார். முடியும். ஒல்லாந்தர் காலத்து ஆவணங்கள் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. கொம்பனி ஆவணங்கள் என்று 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்தவற்றில் அவையும் அடக்கம்.

போகுமுன் சில விஷயம். எழுத்து ஒல்லாந்து மொழி, கையெழுத்து. நாளும் மாதமும் பெயரும் பழகினால் பிடிபடும், மற்றதுக்குத் தெரிந்த ஆள் வேண்டும். ஊர்ப் பெயரை இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள், எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வாய்விட்டு வாசித்துப் பார்த்தால் விளங்கும். டொன், தொனா, பிலிப், மரியா என்று கண்டவுடன் பறங்கியர் என்று தள்ளிவிடாதீர்கள், பக்கத்தில் தமிழ்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். கோயில்பற்று வாரியாகப் பாருங்கள், குடும்பம் வாரியாகத் தேடினால் நாள் முழுக்கப் போய்விடும். அடையாள அட்டையும், என்ன பார்க்க வந்தீர்கள் என்று ஒரு கடிதமும் கொண்டுபோங்கள். பழஞ்சுவடி இருக்கிற இடத்தில் பேனையை எடுக்க விடமாட்டார்கள், பென்சில் இரண்டு கூட வைத்திருங்கள்.